நோகாத தேமல்: லொக்டவுன் காலத்தில் எங்கட கரையில் பிந்திப்போன ஒரு நோய்

2021 ஒக்டோபர். ஊரடங்கு எடுத்து ஒரு கிழமை இருக்கும். எங்கட கூட்டாளி ஒருத்தியின் வாப்பா, அடுப்பில் கொதிச்சுக் கிடந்த கேத்தலைத் துணி பிடிக்காமல் வெறுங்கையால் தூக்கி இறக்கி வைத்துவிட்டு, கதைத்துக்கொண்டே போய்க் கதிரையில் இருந்தார். கை கொப்புளம் போட்டதை முதலில் கண்டது உம்மாதான். "நோகல்லியா?" என்று கேட்டிருக்கிறார். "என்னத்துக்கு நோகணும்?" என்று வாப்பா திருப்பிக் கேட்டிருக்கிறார்.

அந்தக் கையின் சின்ன விரலும் மோதிர விரலும் சில மாதமாகவே மடங்கத் தொடங்கியிருந்தன. தறியில் இருக்கிற மனிசன், வேலை செய்து செய்து நரம்பு பிடிச்சிட்டு என்று வீட்டில் நினைத்தார்கள். முழங்கைக்குக் கீழே வெளிறின ஒரு தேமலும் இருந்தது. அது புதுசில்லை. 2020 தொடக்கத்திலேயே இருந்தது. கடிக்காது, சொறியாது, நோகாது. பார்மசியில் ஒரு பூசுமருந்து வாங்கிப் பூசினார்கள். நோன்புக்கு முன்னால் ஆஸ்பத்திரிக்குப் போய்க் காட்டுவோம் என்று இருந்தார்கள். அதற்குள் மார்ச் வந்தது, ஊரடங்கு வந்தது. கடைசியில் தோல் கிளினிக்கில் டொக்டர் பஞ்சு நுனியால் தேமலைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துவிட்டுச் சொன்ன பெயர் தொழுநோய். ஏறத்தாழ 2 வருடம் பிந்தியிருந்தது. தேமல் மருந்தில் மாறிவிடும், விரல்கள் முழுசாக நிமிருமா என்று உறுதி சொல்ல முடியாது என்றார்.

இந்தக் கட்டுரைக்கு முதலில் நாங்க எடுத்திருந்த தலைப்பு வேறு. கொரோனா ஊரடங்கால் ஐரோப்பாவில் தோல் புற்றுநோயைக் கண்டுபிடிக்கிறது எப்படிப் பிந்தியது என்று வாசித்துக்கொண்டிருந்தோம். நெதர்லாந்தில் 2020 பெப்ரவரிக் கடைசியிலிருந்து ஏப்ரல் வரைக்கும் புதிதாகப் பதிவான புற்றுநோய்களின் எண்ணிக்கை கிழமைக்குக் கிழமை இறங்கியது. எல்லாவற்றிலும் கூட இறங்கியது தோல் புற்றுநோய்தான். அங்கே யாருக்கும் அந்த இரண்டு மாதத்தில் புற்றுநோய் வராமல் விடவில்லை. மச்சம் நிறம் மாறுவதைக் கண்ட ஆட்கள் டொக்டரிடம் போகவில்லை, அவ்வளவுதான். நெஞ்சு நொந்தால் ஓடுவோம், மூச்சு முட்டினால் ஓடுவோம். ஒரு மச்சத்துக்காக ஊரடங்கில் யார் ஓடுவார்? ஆனால் மெலனோமா என்ற கொடிய வகைக்கு அந்த மாதங்கள் முக்கியம். அது தோலுக்குள் எத்தனை மில்லிமீற்றர் இறங்கியிருக்கு என்பதில்தான் உயிர் தங்கியிருக்கு.

எங்கட மாதிரிக் கறுத்த தோலில் மெலனோமா குறைவு. வந்தால் உள்ளங்காலில், நகத்துக்குக் கீழே, ஆட்கள் பார்க்காத இடமாகப் பார்த்து வரும். பொப் மார்லிக்கு வந்தது கால் பெருவிரலில். 1977இல் கண்டுபிடித்தார்கள், 1981இல் 36 வயதில் மௌத்தானார். (பந்தடிச்ச காயம் என்றுதான் முதலில் நினைத்திருந்தாராம்.) கரைவலை இழுக்கிறவர், வயலில் வெறுங்காலோடு நிற்கிறவர் உள்ளங்காலில் ஒரு கறுப்புப் பொட்டைக் கண்டால் அதை அசட்டை பண்ணக்கூடாது. அது வேறு கதை, அதையும் ஒரு நாள் எழுதுவோம்.

அப்படி வாசித்துக்கொண்டிருந்த நேரத்தில்தான் கூட்டாளியின் வாப்பா கேத்தலைத் தூக்கினார். அப்போதுதான் எங்களுக்கு விளங்கியது: எங்கட கரையில் ஊரடங்கு பிந்தவைத்த தோல் வருத்தத்தின் பெயர் புற்றுநோய் இல்லை. அது தொழுநோய்.

இதைக் கேட்ட உடனே, "அது இன்னும் இருக்கா?" என்பார்கள். நாங்களும் அப்படித்தான் கேட்டோம். இருக்கு. 2010களில் இலங்கையில் வருடத்துக்கு ஏறத்தாழ 2,000 புதிய நோயாளர்கள் கண்டுபிடிக்கப்பட்டு வந்தார்கள். அதில் கிட்டத்தட்டப் பத்தில் ஒருவர் சிறுபிள்ளை. நாட்டின் சராசரியை விடக் கூடுதலாகப் பதிவாகிற பகுதிகளைச் சொல்லும்போது மட்டக்களப்பும், பெரியநீலாவணையிலிருந்து பொத்துவில் வரைக்கும் நீளுகிற எங்கட கல்முனைச் சுகாதாரப் பிராந்தியமும் திரும்பத் திரும்ப வரும்.

நோயைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுவோம். ஒரு கிருமியால் வருகிறது. 1873இல் நோர்வேயைச் சேர்ந்த ஹான்சன் என்ற டொக்டர் அதைக் கண்டுபிடித்தார். பரம்பரை இல்லை, சாபம் இல்லை. தொட்டவுடன் ஒட்டாது. மருந்தெடுக்காத ஒருவரோடு ஒரே கூரைக்குக் கீழே மாதக்கணக்கில், வருடக்கணக்கில் இருந்தால் தும்மல், இருமல் வழியாகப் பரவலாம். அப்படிப் பரவினாலும் நூற்றுக்கு 95 பேரின் உடம்பு அதைத் தானே வென்றுவிடும். மிச்சப் பேருக்கு மெல்ல மெல்ல வளரும். கிருமி உள்ளே போய்த் தேமல் வெளியே தெரியச் சராசரியாக 5 வருடம், சிலருக்கு 20 வருடம் கூட எடுக்கும். வெளிறின அல்லது சிவந்த தேமல், அந்த இடத்தில் உணர்வு குறைவு, இதுதான் முதல் அடையாளம். பிறகு நரம்பு தடிக்கும், கை கால் விறைக்கும், விரல் மடங்கும். மூன்று மருந்து சேர்ந்த கூட்டு மருந்து இருக்கு, இலவசம். தேமல் 5க்கு உட்பட்டால் 6 மாதம், கூடினால் 12 மாதம். மருந்து தொடங்கின கொஞ்ச நாளிலேயே மற்றவருக்குப் பரவுவது நின்றுவிடும். நேரத்துக்குக் காட்டினால் ஒரு விரல் கூட மடங்காது.

ஆக, இந்த நோயில் எல்லாமே ஒரு கேள்வியில் தொங்குது. நோகாத ஒரு தேமலுக்காக மனிசன் தானாக எழும்பி ஆஸ்பத்திரிக்குப் போவானா? போகிறது அந்த ஆஸ்பத்திரியை நம்புகிறதைப் பொறுத்தது. அந்த நம்பிக்கைக்கு எங்கட நாட்டில் பழைய கணக்கு ஒன்று இருக்கு.

ஒல்லாந்தர் 1708இல் கொழும்புக்கு வடக்கே ஹெந்தளையில் தொழுநோயாளருக்கு ஒரு விடுதி கட்டி முடித்தார்கள். இலங்கையின் மேல்நாட்டு வைத்திய வரலாற்றில் மிகப் பழைய நிறுவனங்களில் ஒன்று அது. ஆட்களைக் குணமாக்கக் கட்டினதில்லை, அப்போது மருந்தே கிடையாது. ஊரிலிருந்து பிரித்து வைக்கக் கட்டினது. ஆங்கிலேயர் அதை அப்படியே எடுத்துக்கொண்டார்கள். 1897இல் பெர்லினில் முதலாவது சர்வதேசத் தொழுநோய் மாநாடு கூடியது. ஹான்சனும் போயிருந்தார். நோர்வே செய்தது மாதிரி நோயாளரைப் பிரித்து வைக்க வேண்டும் என்று மாநாடு பரிந்துரைத்தது. நாலு வருடத்தில், 1901இல், இலங்கையில் தொழுநோயாளர் கட்டளைச் சட்டம் வந்தது. சந்தேகப்பட்ட ஆளைப் பரிசோதிக்கவும், நோய் இருந்தால் பிடித்துக்கொண்டுபோய் அடைக்கவும் அரசாங்கத்துக்கு அதிகாரம் கிடைத்தது.

கிழக்குக்கு ஹெந்தளை தூரம். 1920களின் தொடக்கத்தில் மட்டக்களப்பு வாவிக்குள் இருக்கிற மாந்தீவில் ஒரு தொழுநோய் ஆஸ்பத்திரி வந்தது. சுற்றிவரத் தண்ணீர். தோணியில்தான் போகணும். இடத்தைத் தெரிவு செய்தவர்கள் என்ன நினைத்தார்கள் என்பதை அந்தத் தண்ணீரே சொல்லும். போன ஆள் அங்கேயே கிடந்து, அங்கேயே முடிந்து, அங்கேயே அடங்குவதுதான் வழமை. எங்கட மூத்தம்மாமார் அந்த நோயின் பெயரை வாயால் சொல்லமாட்டார்கள். "மாந்தீவுக்குப் போற வருத்தம்" என்றுதான் சொல்வார்கள். வருத்தத்துக்கு ஒரு தீவின் பெயர்! குமர்ப்பிள்ளை இருக்கிற வீட்டில் ஒருவருக்குத் தேமல் கண்டால் நீளக்கைச் சட்டை போட்டு மூடுவதைத் தவிர வேறு வழி தெரிந்திருக்காது. சட்டம் ஆளைப் பிடிக்கத்தான் வந்தது, ஆனால் அது ஆட்களுக்கு ஒளிக்கப் பழக்கியது.

1983இல் கூட்டு மருந்து இலங்கைக்கு வந்தது. அதோடு தீவின் தேவையே முடிந்திருக்க வேண்டும். மருந்து வந்தது, பயம் போகவில்லை. 1990இல் ஒரு பெரிய விளம்பர இயக்கம் தொடங்கினார்கள். ரேடியோ, டீவி, போஸ்டர் எல்லாவற்றிலும் ஒரே செய்தி: தேமலைக் காட்டுங்க, குணமாகும், யாரும் அடைக்கமாட்டாங்க. தானாக வந்து காட்டினவர்களின் எண்ணிக்கை எகிறியது. எங்களுக்கு இந்த இடம் முக்கியமாகப் பட்டது. அந்த வருடம் நோய் திடீரென்று கூடவில்லை. ஒளிந்திருந்தவர்கள் வெளியே வந்தார்கள். பயத்தை எடுத்தால் எண்ணிக்கை கூடும், பயத்தைப் போட்டால் எண்ணிக்கை குறையும். இதை 2020க்கு வரும்போது ஞாபகம் வைத்துக்கொள்ளுங்க.

அந்த 1990 எங்கட பக்கம் எப்படி இருந்தது என்பது உங்களுக்குத் தெரியும். ஜூனில் யுத்தம் மறுபடி வெடித்தது. ஓகஸ்டில் காத்தான்குடிப் பள்ளிவாசல்களும் ஏறாவூரும். தமிழ் ஊர்களிலும் அந்த வருடம் சாவு விழாத நாள் இல்லை. ஒரு தமிழ் ஊரைத் தாண்டி அடுத்த முஸ்லிம் ஊருக்குப் போகவே பயந்த காலத்தில், தேமலைக் காட்ட மட்டக்களப்புக்கு பஸ் ஏறியிருப்பார்களா?

1995இல் இலங்கை தொழுநோயை ஒழித்துவிட்டது என்று அறிவித்தார்கள். இந்த "ஒழிப்பு" என்ற சொல் செய்த குழப்பம் கொஞ்சநஞ்சம் இல்லை. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கில் அதன் அர்த்தம், பத்தாயிரம் பேருக்கு ஒரு நோயாளரை விடக் குறைவு என்பது மட்டும்தான். அதுவும் நாடு முழுக்க எடுத்த சராசரி. தமிழில் ஒழிப்பு என்றால் ஒன்றும் மிச்சமில்லை என்றுதானே நாங்க விளங்குவோம்! ஊர் ஆட்கள் மட்டுமில்லை, பல டொக்டர்மாரும் அந்த நோயை மறந்துபோனார்கள். 2001இல் தனியாக இயங்கிய தொழுநோய்ச் சேவையைப் பொதுச் சுகாதார சேவையோடு சேர்த்தார்கள். அது சரியான முடிவுதான், தனிக் கட்டிடத்துக்குப் போனாலே ஊர் கதைக்கும் என்ற நிலைமை போனது. ஆனால் அதற்குப் பிறகு இந்த நோயைத் தேடிப் பிடிக்கும் பாரம், வேறு நூறு வேலை செய்கிற பி.எச்.ஐ.மார் தலையில் வந்தது.

பிறகு 2004 டிசம்பர் 26. சுனாமியில் நாட்டிலேயே கூட உயிர் போனது அம்பாறை மாவட்டத்தில், அதிலும் எங்கட கரையோரத்தில். கடலோரம் இருந்த குடும்பங்கள் சொந்தக்காரர் வீடுகளுக்குள்ளும் தற்காலிகக் கொட்டில்களுக்குள்ளும் நெருங்கி நெருங்கி இருந்தன. நெருக்கம் இந்த நோய்க்கு எப்பவும் வசதி.

இப்ப 2020க்கு வருவோம். மார்ச் 20ஆம் திகதி நாடு முழுக்க ஊரடங்கு. அதற்கு ஒரு கிழமை முன்னாலேயே பள்ளிக்கூடங்களை மூடிவிட்டார்கள். பள்ளிக்கூடம் மூடினதுக்கும் தேமலுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். வகுப்புப் பிள்ளைகளை வரிசையில் நிற்பாட்டி பி.எச்.ஐ. மார் பல், கண், உயரம், நிறை பார்ப்பார்களே, ஒரு சிறுபிள்ளையின் முதுகில் இருக்கிற தேமல் படிப்பே தெரியாத உம்மாவின் கண்ணுக்குத் தப்பினாலும், அங்கேதான் அகப்படும். அது நின்றது. தோல் கிளினிக்குகள் நின்றன அல்லது சுருங்கின. நோயாளர் ஒருவரைக் கண்டுபிடித்தால் அவரது வீட்டில் இருக்கிற எல்லாரையும் போய்ப் பார்க்க வேண்டும். அதைச் செய்கிற பி.எச்.ஐ.மார் இரவு பகலாக பி.சி.ஆர்., தனிமைப்படுத்தல், வீட்டு மதிலில் நோட்டீஸ் ஒட்டுதல் என்று ஓடித்திரிந்தார்கள். அவர்களைக் குறை சொல்ல எங்களுக்கு மனம் வராது. ஒரு ஆளை ரெண்டாகக் கிழிக்க ஏலாது.

ஏற்கெனவே கிளினிக்கில் பதிந்திருந்தவர்களுக்கு ஒரு நல்ல ஏற்பாடு நடந்தது. 2020 ஏப்ரலில் இருந்து கிளினிக் மருந்துகளைத் தபால்காரர் வீடு தேடிக் கொண்டுவந்து கொடுத்தார். பிரஷர், சீனி வருத்தக்காரர் எத்தனையோ பேர் அதால் தப்பினார்கள். மருந்தைத் தபாலில் அனுப்பலாம். ஆனால் இன்னும் பெயரே வைக்காத ஒரு நோயைத் தபாலில் கண்டுபிடிக்க முடியாதே. வட்ஸ்அப்பில் தேமலைப் படம் பிடித்து அனுப்பினவர்களும் இருந்தாங்க. படத்தில் நிறம் தெரியும், உணர்வு இருக்கா இல்லையா என்பது தெரியாது. தொட்டுத்தான் பார்க்கணும். தொடுவதையே தடைசெய்த காலம் அது.

மாவட்டம் விட்டு மாவட்டம் போகவும் தடை. கொழும்பில் இருந்து வரைபடத்தைப் பார்க்கிறவருக்கு இது பெரிசாகத் தெரியாது. எங்களுக்குப் பெரிய ஆஸ்பத்திரி என்றால் மட்டக்களப்புப் போதனா வைத்தியசாலைதான், கல்முனையில் இருந்து 40 கிலோமீற்றர் அளவு. ஆனால் மருதமுனையைத் தாண்டிப் பெரியநீலாவணையோடு அம்பாறை மாவட்டம் முடிஞ்சிடும். ரோட்டில் கால் மணித்தியாலத்தில் எல்லை.

2020 ஜூனில் ஊரடங்கை முழுசாக எடுத்தார்கள். ஒக்டோபரில் மினுவாங்கொடைக் கொத்தணி, பிறகு பேலியகொடை மீன் சந்தை, நவம்பர் கடைசியில் அக்கரைப்பற்றுச் சந்தைக் கொத்தணி. அக்கரைப்பற்று மூடுண்டது. டிசம்பர் கடைசியில் கல்முனை நகரின் ஒரு பகுதியும் மூடுண்டது. 2021 மே 21இல் இருந்து ஒரு மாதம் நாடு முழுக்கப் பயணத் தடை, ஓகஸ்ட் 20 முதல் ஒக்டோபர் 1 வரை மறுபடி ஊரடங்கு. இப்படி மூடித் திறந்து மூடின காலத்தில், திறந்திருந்த மாதங்களில் ஏன் ஆட்கள் போய்க் காட்டவில்லை? கூட்டாளியின் வாப்பாவிடம் இதை நேரே கேட்டோம். "கொரோனாவுக்குப் பயமில்ல மனே," என்றார். "எரிச்சிருவாங்க எண்டுதான் பயம்."

நெதர்லாந்தின் கதையில் இல்லாத ஒன்று இதுதான். 2020 மார்ச் கடைசியில் கொரோனாவில் மௌத்தான முஸ்லிம் ஒருவரின் ஜனாஸாவை நீர்கொழும்பில் எரித்தார்கள். ஏப்ரல் 11இல் வர்த்தமானி வந்தது: கொரோனாவில் இறந்தால் தகனம் கட்டாயம். அடக்கம் செய்யலாம் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்லியும், நிலத்தடி நீர் கெட்டுப்போகும் என்று ஒரு கதை சொன்னார்கள். டிசம்பரில் பிறந்து 20 நாளேயான ஒரு குழந்தையையும் எரித்தார்கள். பொரளை மயானத்து வேலியில் ஆட்கள் வெள்ளைத் துணி கட்டினார்கள், கபன் துணியாக. 2021 பெப்ரவரியில் பொத்துவிலில் இருந்து பொலிகண்டி வரைக்கும் தமிழரும் முஸ்லிம்களும் நடந்துபோன பேரணியில் இந்தக் கோரிக்கையும் இருந்தது. அந்த மாதக் கடைசியில்தான் வர்த்தமானியை மாற்றினார்கள். மார்ச் 5இல் ஓட்டமாவடி மஜ்மா நகரில் முதல் அடக்கம். அங்கே 3,000க்கு மேற்பட்டவர்கள் அடங்கியிருக்கிறார்கள். ஊர் மையவாடியில் அடக்க 2022 மார்ச் வரைக்கும் விடவில்லை. 2024 ஜூலையில் அமைச்சரவை மன்னிப்புக் கேட்கத் தீர்மானித்தது.

இந்த வர்த்தமானிக்கு அடியில் இருந்த சட்டம் எது தெரியுமா? 1897ஆம் ஆண்டின் தனிமைப்படுத்தல் மற்றும் நோய்த் தடுப்புக் கட்டளைச் சட்டம். பம்பாயில் பிளேக் பரவிக்கொண்டிருந்த காலத்தில் வந்த சட்டம். பெர்லின் மாநாடு கூடின அதே வருடம். தொழுநோயாளர் சட்டத்துக்கு நாலு வயது மூத்த காக்கா. நாங்க தேடிக்கொண்டிருந்த பழைய கணக்கு இங்கேதான் வந்து பொருந்தியது. ரெண்டும் ஒரே காலத்து மூளையில் பிறந்தவை. நோயாளியின் உடம்பு அரசாங்கத்தின் பொருள், உயிரோடு இருந்தால் தீவுக்கு, மௌத்தானால் சூளைக்கு.

அந்த ஒரு வருடம் எங்கட ஊர்களில் நடந்த கதை எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். ஆஸ்பத்திரியில் வேறு வருத்தத்துக்கு நிற்பாட்டினாலும் பி.சி.ஆர். எடுப்பாங்க, பொசிட்டிவ் என்று வந்தால் மையத்துக் கூடக் கையில் கிடைக்காது. அதனால் நெஞ்சு வருத்தக்காரரே வீட்டில் கிடந்தாங்க. இந்த நிலைமையில் நோகாத ஒரு தேமலுக்காக ஆஸ்பத்திரி வாசலை மிதிக்கச் சொல்லி யாரிடம் கேட்பது? அந்தக் காலத்தில் ஆஸ்பத்திரிக்குப் போகாதவர்களை "படிப்பறிவில்லாத சனம்" என்று முகநூலில் எழுதினவர்களை நாங்க மறக்கவில்லை. அந்தச் சனம் கணக்குத் தெரியாமல் இருக்கவில்லை. அவங்களுக்கு முன்னால் வைத்த கணக்கு அப்படி.

உலகக் கணக்கையும் பார்த்துவிடுவோம். 2019இல் உலகம் முழுக்க 202,000 பேருக்கு மேல் புதிதாகத் தொழுநோய் கண்டுபிடித்தார்கள். 2020இல் அது 127,000 அளவுக்கு இறங்கியது. ஒரே வருடத்தில் 37 வீதம். இந்தியாவில் மட்டும் ஒரு இலட்சத்துக்கு மேல் இருந்தது 65,000 அளவுக்கு வந்தது. இலங்கையிலும் 2020, 2021 ரெண்டு வருடமும் எண்ணிக்கை இறங்கி, பிறகு மெல்ல ஏறியது. 5 வருடம் உள்ளே கிடந்து வெளியே வருகிற ஒரு நோய், முகக்கவசம் போட்டதால் அதே வருடத்தில் குறையுமா? குறையாது. குறைந்தது பார்த்த கண்கள். 1990இல் நடந்ததைத் தலைகீழாகப் பிடித்தால் 2020.

சரி, கொரோனா முடிந்தது, இனிப் பிடித்துவிடலாம் என்று பார்த்தால் 2022 வந்தது. பெற்றோல் இல்லை, டீசல் இல்லை. மோட்டார் சைக்கிளில் வீடு வீடாகப் போக வேண்டிய ஆள் எரிபொருள் வரிசையில் நின்றார். ஆக, மூன்று வருடம்.

கூட்டாளியின் வாப்பா 12 மாத மருந்தை முடித்துவிட்டார். அதில் ஒரு மருந்து தோலைக் கறுக்கவைக்கும். முகம் கறுத்ததைப் பார்த்துவிட்டு ஊரில் கேட்டார்கள், வெயிலில் போட்டுக் கறுத்துட்டு என்று சொன்னாராம். நரம்பு வீக்கத்துக்கும் தனியாகக் குளிசை எடுத்தார். மோதிர விரல் ஓரளவு நிமிர்ந்தது. சின்ன விரல் நிமிரவில்லை. தறிக்குத் திரும்பிப் போகவில்லை, வீட்டு முன்னால் சின்னக் கடை போட்டிருக்கிறார். கேத்தலைத் தூக்கும்போது உம்மா துணியைக் கையில் கொண்டுவந்து கொடுப்பார்.

அவர் மருந்து தொடங்கின பிறகும் வீட்டாரைப் பார்க்க பி.எச்.ஐ. வந்து சேர மாதக்கணக்கானது. வந்தவருக்கு எங்கட வளவு விளங்க நேரம் எடுத்தது. "வீட்டில் எத்தனை பேர்?" என்று கேட்டார். எங்கட பக்கம் வீடு பெண்பிள்ளைக்குத்தான், மாப்பிள்ளை வந்து சேருவார். அதனால் உம்மா, ராத்தா, சாச்சி எல்லாரின் வீடும் ஒரே வளவுக்குள் ஒட்டி ஒட்டி இருக்கும். பிள்ளைகள் ஒரு வீட்டில் சாப்பிட்டு, ஒரு வீட்டில் படுத்து, ஒரு வீட்டில் குளிக்கும். ஊரடங்கில் எல்லாருமே அந்த வளவுக்குள்தான் பூட்டுண்டு கிடந்தார்கள். தாளில் ஒரு வீட்டுக்கு 4 பேர். உண்மையில் 19 பேர். அவர் நல்ல மனிசன், 19 பேரையும் எழுதினார்.

பெண்களை அறைக்குள் தாதி பார்த்தார். பிள்ளைகளை முற்றத்தில், காலை வெளிச்சத்துக்கு முதுகைக் காட்டி நிற்பாட்டினார்கள். டியூப் லைட்டில் தெரியாதது வெயிலில் தெரியுமாம். ராத்தாவின் மகளுக்கு 9 வயது. தோள்பட்டைக்குக் கீழே ஐந்து ரூபாய்க் குத்தியளவு வெளிறின ஒரு இடம். ஊரடங்கில் வாப்பாவோடுதான் அவள் எப்பவும் படுத்தாள். கண்ணை மூடச் சொல்லிவிட்டு, பஞ்சு நுனியால் தொட்டு, தொட்ட இடத்தை விரலால் காட்டச் சொன்னார்கள். அவளுக்கு அது விளையாட்டு. கையில் தொட்டார்கள், காட்டினாள். கழுத்தில் தொட்டார்கள், சிரித்துக்கொண்டு காட்டினாள். அந்த வெளிறின இடத்தில் தொட்டுவிட்டு நின்றார்கள். அவள் கண்ணை மூடிக்கொண்டு, "இன்னும் தொடல்லியா?" என்று கேட்டாள்.

6 மாத மருந்து. முடித்துவிட்டாள், விரல் எல்லாம் சரியாக இருக்கு. மிச்சம் 17 பேரையும் வருடத்துக்கு ஒரு தடவை முதுகைத் திருப்பிப் பார்க்க வேண்டும் என்று பி.எச்.ஐ. சொல்லிவிட்டுப் போனார், 5 வருடத்துக்கு. உம்மா அதைக் கலண்டரில் எழுதி வைத்திருக்கிறார், நோன்புப் பெருநாளுக்கு அடுத்த வெள்ளிக்கிழமை என்று.